வேகாத சாமை

அந்த யோசனை வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் அகச்சிவப்பு நுண்ணோக்கியின் மூடியைத் திறக்கும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. மூடியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாயை இறுக்கி மூடிய ஒரு முகத்தின் படம், அதன் கீழே ஜெர்மன் மொழியில் இரண்டு சொற்கள். மூச்சில் இருக்கும் ஈரம் உள்ளே போய்விட்டால், திரையில் வழவழவென்று ஓடவேண்டிய கோடு முள்ளு முள்ளாகச் சிலிர்த்துக்கொள்ளும். அதனால் இங்கே எல்லோரும் கன்னத்தை உப்பிக்கொண்டு மாதிரியை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு புஸ்ஸென்று விடுவார்கள். வந்த முதல் வாரம் இது எனக்குத் தெரியாது. ஒருவருக்கு வணக்கம் சொன்னேன், அவர் உப்பிய கன்னத்தோடு என்னை முறைத்தார். சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று அன்று முழுக்க வருந்திக்கொண்டிருந்தேன். சொல்லக்கூடாத நேரம்தான், ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக அல்ல.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு யோனாஸ் ஒரு வேடிக்கை காட்டுவார். யோனாஸ் எங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் துடைக்காத மேசை அந்தக் கட்டடத்தில் இல்லை. கண்ணாடி போலிருந்தாலும் கண்ணாடி அல்லாத ஒரு சிறு வட்டத்தகட்டில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை ஒரு துளி வைத்துக் காயவிடுவார். இன்னொரு தகட்டில் வெந்த வெள்ளைக்கருவை மெல்லியதாகப் பூசிக் காயவிடுவார். சாயம் ஏற்றுவதில்லை, ஒளிரும் பொருள் எதையும் ஒட்டுவதில்லை. புரதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற முறைகளில் அதன் மேல் ஓர் அடையாளத்தைக் கட்டித் தொங்கவிட்டாகவேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. புரதத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பிணைப்பும் தனக்கென்று ஒரு தாளத்தில் அதிர்ந்துகொண்டிருக்கிறது, அந்தத் தாளத்துக்குப் பொருந்தும் ஒளியை மட்டும் விழுங்குகிறது. எது விழுங்கப்பட்டது என்று பார்த்தால் போதும். பச்சைக் கருவுக்குத் திரையில் ஒரு மேடு வந்தது. வெந்த கருவுக்கும் அதே மேடு, ஆனால் வலது பக்கம் ஒரு தோள் புடைத்திருந்தது. சூடு பட்டதும் புரதத்தின் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, பிறகு எத்தனை நாள் ஆறவிட்டாலும் பழைய மடிப்புக்குத் திரும்புவதில்லை என்றார் யோனாஸ்.

மூன்றாவது தகட்டை வைக்கும் முறை எனக்கு. மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்து, தகட்டை வைத்துக்கொண்டிருக்கும்போது, சாமை, என்று தோன்றியது. அவ்வளவுதான். பாதியிலேயே மூச்சை விட்டுவிட்டேன். திரையில் கோடு சிலிர்த்தது. யோனாஸ் அந்த முட்களை விரலால் தொட்டுக் காட்டி, "முட்டை இல்லை இது, நீ," என்றார்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்கும் மேலே, ஜீப் மட்டும் ஏறும் ஏழெட்டு வீட்டுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்தவள் நான். கீழே திருப்பத்தூரில் கல்லூரி, பிறகு சென்னை, பிறகு இந்த ஊர். இங்கே வந்து இரண்டாம் வருடம் நடக்கிறது. என் அக்கா மல்லிகா எட்டு வயது மூத்தவள். அதே மலையில், இரண்டு ஓடை தாண்டி, அவளைக் கட்டிக்கொடுத்த வீடு. ஒரே வாசலைப் பார்த்தபடி இரண்டு வீடுகள் அங்கே உண்டு. ஒன்றில் அக்காவும் மாமாவும். எதிர்வீட்டில் மாமாவின் அண்ணனும் அவர் மனைவி காசியம்மாவும். முறைக்கு காசியம்மா அக்காவுக்கு ஓரகத்தி. எனக்கும் அவரை அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம்.

போன ஆடிக்கு முன்னால் காசியம்மா வீட்டு விதைச்சாமை மழையில் நனைந்து பூசணம் பிடித்துப்போனது. எதிர்வீட்டில் கேட்டார். அக்கா ஒரு வள்ளம் நிறைய அளந்து கொடுத்தாள். விதைத்தார்கள், மழையும் பதமாகப் பெய்தது, ஆனால் காசியம்மாவின் கொல்லையில், வயலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. பக்கத்துக் கொல்லையில் அக்காவின் சாமை கணுக்கால் உயரம் பச்சையாக நின்றது. பத்தாம் நாள் காசியம்மா வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு பேச்சு பேசினார். "வெந்தத அள்ளிக் குடுத்துட்டு வெதைன்னு சொல்றதுக்கு ஒரு நெஞ்சு வேணும்."

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியாது. எங்கள் பக்கம் சாப்பாட்டுக்கான சாமையை உமியோடு ஒரு கொதி வேகவைத்துக் காயவைத்துத்தான் குத்துவோம். உமி சுத்தமாகக் கழலும், அரிசி நொறுங்காது. விதைக்கு எடுத்து வைப்பதில் சூடே படக்கூடாது. ஆனால் காய்ந்த பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் விதை மூட்டைக்குள் ஒரு துண்டு அடுப்புக்கரி போட்டு வைப்போம். கரி இருந்தால் விதை, இல்லையென்றால் சோறு. எழுதுவது கிடையாது. இதில் தெரியாமல் தவறுவதற்கு இடமில்லை என்பதால், ஒருவர் வெந்ததை விதையென்று கொடுத்தால், உன் கொல்லை சாகட்டும் என்று சொல்லி அளந்ததாகத்தான் அர்த்தம். அதோடு அந்த வாசலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பிடி விதையைத் தன் வீட்டிலிருந்து எடுக்கமாட்டார்கள். எதிர்வீட்டில் கையால் வாங்கித்தான் விதைப்பார்கள். இனி அந்தக் கையிலிருந்து வாங்கமாட்டேன் என்று காசியம்மா சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அக்கா தண்ணீர் எடுக்கப் போனால் அவர் திரும்பி நிற்பாராம்.

"நான் வேகவெச்சத குடுக்கலடி," என்றாள் அக்கா அப்போது போனில். "நீ நம்புறியா இல்லியா?"

நம்புகிறேன் என்று உடனே சொன்னேன். உடனே சொல்வது எளிது.

முட்டை வேடிக்கை பார்த்த அன்று மதியமே அவளைக் கூப்பிட்டேன். சாமையை வெட்டிப் பார்த்தால் வெந்ததா வேகாததா என்று சொல்ல ஒரு இயந்திரம் இருக்கிறது என்றேன். அவளுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "மூணு நாள்ல ஈரத்துணி சொல்லிடும். அதுக்கு இன்னாத்துக்குடி அவ்ளோ பெரிய மெஷினு?" ஈரத்துணியில் கட்டினால் முளைக்காது என்பது மட்டும்தான் தெரியும், அது காசியம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும், ஏன் முளைக்கவில்லை என்று துணி சொல்லாது, என்று நான் மூச்சு விடாமல் அடுக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, அனுப்பி வெக்கிறேன்," என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதிர்ஷ்டவசமாக காசியம்மா அந்த வள்ளத்தில் மிச்சமிருந்ததைக் கொட்டவில்லை. குற்றத்துக்குச் சாட்சியாக விட்டத்தில் தொங்கவிட்டிருந்தார். மாமா தன் அண்ணனிடம் பேசி ஒரு பிடி வாங்கினார். காசியம்மாவே துணியில் முடிந்து, உள்ளே இரண்டு கரித்துண்டு போட்டு, "இது எங்க வூட்டு முடிச்சு. மாத்தினா எனக்குத் தெரியும்," என்று சொல்லிக் கொடுத்தாராம். அதோடு அக்கா தன் வீட்டிலிருந்து இரண்டு பொட்டலம் சேர்த்தாள். இந்த வருடத்து விதை, ஒரு கரியோடு. வேகவைத்த சாப்பாட்டுச் சாமை, கரி இல்லாமல். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். விதை என்பதால் நோய் இல்லையென்று சான்று வாங்கி, இங்கே அனுமதி வாங்கி, எல்லாம் சேர்ந்து வர எனக்கு விசா கிடைத்த நாட்களைவிட அதிகம் ஆனது. வந்த தாளில் "சாமை, மூன்று பொட்டலம்" என்று ஒரே வரி. அதன் கீழே, "ஆய்வுக்கு மட்டும். முடிந்ததும் அழிக்கப்படவேண்டும்."

பார்சல் வந்த காலையில் நான் மொழி வகுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது என் மேசையில் மூன்று பிளாஸ்டிக் குழாய்கள் தாங்கியில் நின்றன. யோனாஸ் பக்கத்தில் திருப்தியோடு நின்றார். துணி அழுக்காக இருந்தது, பூச்சி ஏதும் இருந்தால் கட்டடம் முழுக்கப் பரவும், அதனால் சுத்தமான குழாய்களுக்கு மாற்றி, சீட்டும் ஒட்டிவிட்டேன் என்றார். பார்த்தேன். அச்சடித்ததுபோல அழகான எழுத்து. மூன்று குழாயிலும் ஒரே எழுத்து. 'சாமை, இந்தியா', கீழே அன்றைய தேதி.

"எது எதிலிருந்து வந்தது?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே? தாளில் ஒரே வரிதான் இருக்கிறது."

"உள்ளே கரி இருந்ததே."

"ஆமாம், ஈரம் உறிஞ்ச. மூன்று பை, மூன்று துண்டு. அதையும் எடுத்துவிட்டேன், கவலைப்படாதே. ஏதாவது எழுதியிருந்தால் நான் தொட்டிருக்கவேமாட்டேன்."

"எழுதித்தான் இருந்தது."

"எங்கே?"

குப்பைத்தொட்டியைக் காட்டினேன். அவர் அதை நம்பினாரா என்று தெரியாது. ஆனால் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் துழாவி, மூன்று கரித்துண்டையும் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மன்னிப்புக் கேட்கும்போது ஜெர்மன்காரர்கள் காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள். அவர் காரணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் எரிச்சலாக இருந்தது. இந்த ஊரில் பொது ஃப்ரிட்ஜில் பால் டப்பாவில்கூடப் பெயர் எழுதி வைக்கிறார்கள். எழுதாதது யாருடையதும் அல்ல. எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதுவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் என்னோடு ஒரு பஞ்சாபிப் பையனும் ஒரு மலையாளப் பெண்ணும் உட்காருவார்கள். மற்றவர்களுக்கு எங்கள் மூவரின் பெயரும் 'இந்தியா' மேசை. நாங்கள் மூவரும் எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம் என்பதை இன்னும் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தச் சீட்டுகளைப் பார்த்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பேராசிரியை புதியவர்களுக்கு இயந்திரத்தில் சில மணி நேரம் சொந்த யோசனைக்கென்று ஒதுக்குவார். அவரிடம் போய் என் மாதிரிகள் பாழாகிவிட்டன என்றேன். முழுக் கதையையும் கேட்டார். அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, மூன்று பொட்டலத்தைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு, "நல்லதாகப் போயிற்று. இனி நீ உன் அக்காவுக்கு உதவமுடியாது," என்றார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. படி இறங்கி வரும்போதுதான் கணக்கு புரிந்தது, பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். எந்தக் குழாய் எது என்று தெரியவே தேவையில்லை. மூன்றில் ஒன்று கட்டாயம் வெந்தது, ஒன்று கட்டாயம் பச்சை. மொத்தத்தில் இரண்டு வெந்ததாக இருந்தால் அக்கா கொடுத்தது வெந்தது. ஒன்று மட்டும் வெந்ததாக இருந்தால் அவள் சொன்னது உண்மை. எண்ணினால் போதும், பெயர் வேண்டாம். பெயர் தெரியாததால் நான் அக்கா பக்கம் சாயவும் முடியாது.

சாமை எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரியும். உமி நீக்கி, உறையவைத்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவவேண்டும். முதல் இரண்டு நாள் சீவல் எல்லாம் தூளாகி உதிர்ந்தது. மூன்றாம் நாள் ஒன்று முழு வட்டமாக வந்தது. அதை இயந்திரத்துக்குள் வைத்தால் ஒரு கோடு மட்டும் வருவதில்லை. சீவலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு வருகிறது. எந்தப் புள்ளியில் தோள் புடைத்திருக்கிறதோ அதற்குச் சிவப்பு, இல்லாததற்கு நீலம் என்று நாம்தான் கணினிக்குச் சொல்கிறோம். நிறம் திரையில்தான், தானியத்தின் மேல் ஒரு சொட்டுச் சாயம் இல்லை. நடுவில் மாவு மட்டும் இருப்பதால் திரையில் வெற்றிடம், ஓரத்தில் விளிம்பு கட்டியதுபோலப் புரதம். இருபது வருடம் சாப்பிட்ட ஒன்றின் உள்ளே நான் எட்டிப் பார்த்தது அன்றுதான்.

எது வெந்த உருவம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பேராசிரியையும் அதைத்தான் கேட்டார். அதற்கு ஒரு வழி எனக்கே தோன்றியது, இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒவ்வொரு குழாயிலிருந்தும் சில மணிகளை எடுத்து விடுதிச் சமையலறையில் நானே ஒரு கொதி வேகவைத்து, காயவைத்து, சீவிப் பார்த்தேன். பச்சையாக இருந்தது வெந்தால் மாறும். ஏற்கெனவே வெந்ததை மறுபடி வேகவைத்தால் மாறுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. முதல் குழாய் மாறியது. இரண்டாவது அப்படியே இருந்தது. மூன்றாவதற்காக மூடியைத் திறந்து மூச்சைப் பிடித்தபோது, அக்கா வாசலில் குனிந்த தலையோடு குடம் தூக்கிப் போவது கண்ணில் வந்தது. நான் அதைப் பார்த்ததில்லை, அவள் சொன்னதுதான். மூடியைச் சாத்தினேன். கோடு ஓடியது.

மூன்றாவதும் மாறியது. வெந்தது ஒன்றே ஒன்றுதான்.

அன்றே போன் செய்திருக்கவேண்டும். ஆனால் வேகாத இரண்டு குழாயில் எது காசியம்மா வீட்டுச் சாமை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று. நானும் யோனாஸும் மாறி மாறிப் பார்த்தோம், புரதத்தின் உருவத்தில் எங்களால் ஒரு வித்தியாசமும் காணமுடியவில்லை. கடைசியில் அக்கா சொன்ன ஈரத்துணிக்கே போனேன். துணிக்குப் பதில் வடிதாள், மூன்று குழாய்க்கு மூன்று தட்டு. நான்காம் நாள் ஒரு தட்டு முழுக்க வெள்ளைவெள்ளையாக முளை. வெந்த தட்டில் ஒன்றும் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது தட்டில், உருவம் குலையாத புரதத்தோடு, சூடே படாத சாமை, அப்படியே கிடந்தது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

அன்று சாயங்காலம் யோனாஸ் வந்து, முளைத்த தட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அனுமதித்தாளில் இருப்பதுபோல அழிக்கவேண்டும். தொட்டியில் நட்டு ஜன்னலில் வைக்கலாமே என்றேன். இந்த மண்ணில் அது வளரக்கூடாது என்று சட்டம், என்றார் அவர், சங்கடமாக. அழிப்பதற்கு ஒரே முறைதான். அழுத்தக் கலனில் போட்டு நீராவியில் வேகவைப்பது. முளைத்ததை வேகவைத்துத்தான் குப்பையில் சேர்த்தார். கலனின் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை நானும் பக்கத்தில் நின்றேன். என் விசாத் தாளிலும் 'வந்த காரணம்' என்ற இடத்தில் அதே சொல்தான் இருக்கிறது: ஆய்வு.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டேன். எனக்குப் பகல் பதினொன்று, அவளுக்கு மாடு திரும்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்.

"வேகவெச்சது இல்லன்னு தெரிஞ்சிடுச்சுக்கா."

"தெரிஞ்சிதா? நான்தான் சொன்னேனே." பல மாதம் கழித்து அவள் சிரித்துக் கேட்டேன். "அந்தப் பேச்சு பேசினாளே, இப்ப இன்னா சொல்றா பாக்கலாம்."

"ஆனா செத்த வெதைக்கா. ஒண்ணுகூட மொளைக்கல."

பின்னால் எங்கோ ஜீப் ஏறும் சத்தம்.

"அதுவும் உன் மெஷின்ல தெரியுதா?"

"மெஷின்ல தெரியல. நீ சொன்ன ஈரத்துணிலதான் தெரிஞ்சிது."

"அது அதுக்கும் முந்தின வருசத்துதுடி," என்றாள். "ரெண்டு மழைக்காலம் பாத்த வெதை. புதுசு கொஞ்சந்தான் கெடந்துது. ரெண்டு வூட்டுக்கும் பத்தாது. அவளும் வந்து நிக்கிறா, இல்லன்னு எப்படி சொல்றது. பழசும் மொளைக்கும்னுதான் நெனச்சேன்."

"மொளைக்குதான்னு கட்டிப் பாத்தியா?"

"பாக்கல." பிறகு, குரலைத் தாழ்த்தி, "பாத்தா தெரிஞ்சிடுமேன்னுதான் பாக்கல," என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வராததைக் கவனித்தேன். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு ஊர்ச் சண்டைகள் வட்டத்தகட்டில் காயவைத்ததுபோலத்தான் தெரியும். உருவம் துல்லியமாக இருக்கும், ஈரம் இருக்காது. எங்கள் மலையில் எதையும் எழுதி வைப்பதில்லை என்று பெருமையாக ஒரு பத்தி எழுதினேனே, அதன் மறுபக்கம் இது. எழுதி வைக்காத இடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல இருந்துவிடவும் முடியும்.

இரண்டு நாள் கழித்து, அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு வாசல் கல்லின் மேல் வைத்தாள். மாமா போய்க் காசியம்மாவை அழைத்து வந்தார்.

"இன்னா பாப்பா, அந்த ஊர்ல இருந்துக்கினு எங்க வூட்டு சாமைய அறுத்துப் பாத்தியாமே?"

"பாத்தேங்கா. அது வேகவெச்சது இல்லக்கா. நிச்சயமா இல்ல."

"உங்கக்காளுக்காவ சொல்றியா?"

"எது யாரோடதுன்னு தெரியாமத்தான் பாத்தேன்," என்று யோனாஸ் கதையைச் சொன்னேன். தாள், குழாய், சீட்டு, குப்பைத்தொட்டி. காசியம்மா நடுவிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "கரிய தூக்கிக் கடாசிட்டானா? நல்லா கீது போ. முடிச்சு மாறிடப்போவுதுன்னு நான் இங்க பயந்துக்கினு கெடந்தா, அவன் முடிச்சே இல்லாம பண்ணிட்டான்." அக்காவும் சிரிப்பது கேட்டது. ஒரே வாசலில் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் போனில் தனித்தனியாகப் பிரிந்து கேட்கவில்லை.

"சரி, வேகல," என்றார் காசியம்மா. "ஒத்துக்கிறேன். வாய் தவறிப் பேசிட்டேன்னே வெச்சிக்க. அப்போ ஏன் மொளைக்கல?"

அது நல்ல கேள்வி. பேராசிரியை கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

"அது இந்த மெஷின்ல இன்னும் தெரியாதுக்கா," என்றேன். சொல்லுக்குச் சொல் உண்மை. இயந்திரத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. ஆய்வகத்தில் கற்ற இந்தத் துல்லியம் ஊரில் இதற்கும் உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"இன்னும்னா?" காசியம்மா விடவில்லை. "இனிமே தெரியுமா?"

"பாக்கப்போறேங்கா."

"பாரு. ஆடிக்கு முன்ன சொல்லு. முதல் பிடி யார் கையில வாங்குறதுன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் அக்காவே கூப்பிட்டாள். நெஜமாவே பார்க்கப்போகிறாயா என்றாள். நான் ஆர்வத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டேன். காய்ந்த விதையில் உயிருள்ளதும் செத்ததும் ஒன்றாகத் தெரிகின்றன. ஊறும்போது வேறுபடலாம். உயிருள்ளதில் சேமித்த புரதம் கரைந்து முளைக்குப் போகும், செத்ததில் போகாது. ஆனால் ஈரமான எதையும் எங்கள் இயந்திரத்தால் சரியாகப் பார்க்கமுடியாது. தண்ணீர் விழுங்கும் ஒளியும் புரதம் விழுங்கும் ஒளியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. மூச்சைப் பிடிப்பதும் அதனால்தான். அதற்காக வேறு ஒரு தண்ணீர் இருக்கிறது, கனநீர். அதில் ஊறவைத்தால் தண்ணீரின் மேடு விலகிப்போய்ப் புரதம் மட்டும் தெரியும்.

"கனமான தண்ணியா? இன்னா, தூக்கவே முடியாதா?"

"தூக்கலாம். பாக்க நம்ம தண்ணி மாதிரிதான் இருக்கும். ஆனா அதுல வெதை சரியா மொளைக்காது, சொணங்கும். அதையும் சேத்துக் கணக்குப் பண்ணணும்."

"எத்தினி நாளாவும்?"

"நாலு வாரம். வராமலும் போவலாம்."

"வேணாம்னு சொன்னா நிறுத்துவியா?"

யோசித்தேன். "மாட்டேங்கா."

"தெரியும். சின்னதுலயே அப்படித்தானே நீ. கடிகாரத்தக் கழட்டி முறத்துல பரப்பினவ." பிறகு, "பண்ணு. ஆனா உன் மெஷின் சொல்றதுக்கு முன்ன நான் சொல்லிர்றேன்," என்றாள். "அது வாயால அவ கேக்கக்கூடாது."

இதை எழுதும் இன்று வரை அவள் சொல்லவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. சொல்லும்வரை இதை அச்சுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் அந்த வாசலை அவள் ஒரு முறை தாண்டியிருக்கிறாள். முதல் பிடி எந்தக் கையிலிருந்து போகும் என்று எனக்கே இன்னும் தெரியாது.

கனநீர் வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு புட்டி. திங்கட்கிழமை காலை இயந்திரத்தில் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். உயிருள்ளதில் பாதியை இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரிலும் பாதியைக் கனநீரிலும் போடுவேன், செத்ததையும் அப்படியே. முதல் சாமைமணி எப்போது மாறத் தொடங்குகிறது, மாறுகிறதா என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு சீவலாகப் பார்க்கவேண்டும். குழாய்களில் யோனாஸ் ஒட்டிய சீட்டுகளைக் கிழிக்கவில்லை. அது அவருடைய கையெழுத்து. ஆனால் மேசை இழுப்பறையில் இருந்த கரியை எடுத்து, முளைத்த குழாயில் ஒன்று, முளைக்காததில் இரண்டு என்று போட்டு மூடிவிட்டேன். வெந்ததில் ஒன்றும் போடவில்லை. யோனாஸ் அதைப் பார்த்தார். தன் குறிப்பேட்டில் ஏதோ வரைந்துகொண்டார். எட்டிப் பார்த்தேன். மூன்று குழாய், உள்ளே கறுப்புப் புள்ளிகள், ஒன்று, இரண்டு, சுழி. முளைக்கிறதை எல்லாம் அவர்தான் கடைசியில் நீராவிக் கலனுக்கு எடுத்துப் போவார், சட்டம் அப்படி. அதற்கு முன் நான்கு வாரம் இருக்கிறது. திங்கட்கிழமை மூடியைத் திறக்கும்போது இங்கே நான் மூச்சைப் பிடித்திருப்பேன். அங்கே அந்த நேரத்துக்கு வாசலில் வெயில் இருக்கும்.